செண்பகமுனையில் வியூ நிலவரம்

மானுட குலத்தின் மேன்மையில் அக்கறையுள்ள அனைவரின் கவனத்துக்கும் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்: கொடைக்கானல் மலையின் வடக்கு ஓரத்தில், செண்பகமுனை வியூ பாயிண்ட்டில், சென்ற ஐப்பசியில் ஒரு சுபமுகூர்த்த வேளையில், ஓர் எந்திரத்துக்கு ‘வியூ’ என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. மனிதனுக்கு இது தெரிவதற்கு எத்தனை லட்சம் ஆண்டுகள் ஆயின என்று யாரும் சொல்லவில்லை. எந்திரத்துக்கு மூன்று வாரம் ஆனது.

செய்தியை உலகுக்கு அறிவித்தவர் எங்கள் சிறுகடை வியாபாரிகள் நலச்சங்கத்தின் தலைவர் நாச்சிமுத்து. சால்வை போர்த்த ஆள் கிடைக்காத நாளில், குளிர் என்று சொல்லித் தானே ஒன்றைப் போர்த்திக்கொள்கிறவர். சங்கத்துக்கென்று ஒரு மைக் செட் உண்டு. தொலைந்த குழந்தைகளைப் பற்றி அறிவிப்பதற்காக வாங்கியது. பெரும்பாலும் தலைவரைப் பற்றி அறிவிக்கத்தான் பயன்பட்டது. நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், செல்வமுருகன். கைகாட்டி முக்கில் சாக்லெட் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையில் ‘ஹோம்மேட்’ என்று எழுதியிருக்கும். எந்த ஹோம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆகையால் ஒரு சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்று தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம்.

எந்திரம் எதற்கு என்றால், மூடுபனிக்கு. கைகாட்டி முக்கில் ஜீப்பும் வேனும் நிற்கும். கடைகள் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் மேலே நடந்தால் செண்பகமுனை. வானம் தெளிவாக இருந்தால் கீழே பாலசமுத்திரத்துத் தோப்புகள் தெரியும், அதற்கப்பால் பழனிமலை ஒரு கொழுக்கட்டை அளவுக்குக் கோயிலோடு தெரியும். வானம் தெளிவாக இருப்பது அபூர்வம். மூச்சு வாங்க ஏறிப்போனவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள். அந்தக் கோபத்தில் யாரும் சாக்லெட் வாங்க மாட்டார்கள். வியூ இருக்கா என்று கீழேயே கேட்டால், “பத்து நிமிஷத்துல கிளியர் ஆயிரும் சார்” என்று சொல்வது எங்கள் வழக்கம். கொடைக்கானலில் பத்து நிமிஷம் என்பது கால அளவு இல்லை, ஓர் ஆறுதல். ஆனால் இப்போதெல்லாம் ஆறுதல் பெற்றவர்கள் செல்போனில் எங்களைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். எனவே அறிவியலின் துணையை நாடுவதென்று சங்கம் தீர்மானம் போட்டது.

துணையாக வந்தவர் கோகுல்ராஜ். திண்டுக்கல் பையன், பெங்களூரில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார். மேலே முனையில் ஒரு கம்பம் நட்டு, கம்பி வேலியைப் பார்த்த மாதிரி ஒரு கேமராவை மாட்டினார். கீழே கைகாட்டி முக்கில் ஒரு மின்பலகை. மேலே சிக்னல் குறைவு என்பதால் படம் கீழே வராது. கேமரா தானே பார்த்து, தானே முடிவு செய்து, ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். ‘வியூ: 90’ என்று வந்தால் ஏறலாம். ‘வியூ இல்லை’ என்று வந்தால் உட்கார்ந்து சோளம் தின்னலாம்.

திறப்பு விழாவில் கோகுல்ராஜ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வியூ என்றால் இன்னது என்று எந்திரத்துக்கு விதி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையாம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி இதெல்லாம் வியூ, இதெல்லாம் வியூ இல்லை என்று மட்டும் சொன்னார்களாம்.

“மிச்சத்த அதுவே கத்துக்கிருச்சு. இப்ப அதுக்குள்ள வியூங்கிற கான்செப்ட்டே இருக்கு சார். அதப் புடிச்சுக்கிருச்சு.”

“புடிச்சுக்கிருச்சா?” என்றார் நாச்சிமுத்து, மைக்கிலேயே. “விட்ராமப் பாத்துக்கங்க தம்பி.”

அந்த ஆயிரக்கணக்கான படங்களில் பாதி எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து போனவை. என் மாமனார் சேனாதிபதி எடுத்தவை.

மாமா பாலசமுத்திரத்துக்காரர். வாலிபத்தில் ஒரு கேமராவோடு மலை ஏறி வந்து, செண்பகமுனையில் டூரிஸ்ட்டுகளைப் படம் பிடித்தே என் மனைவி தேவசேனாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். எல்லாருடைய பைக்குள்ளும் கேமரா வந்த பிறகு, தன் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுச் சோளம் சுட உட்கார்ந்தார். துக்கமெல்லாம் படவில்லை. “சோளம் கண்ண மூடாது மாப்ள” என்றார்.

படம் எடுக்கையில் அவருக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. மலையும் விழ வேண்டும் என்று ஆட்கள் பின்னாலேயே போவார்கள். பின்னால் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடுபனி நாளில் இன்னொரு தொல்லை: ஒன்றுமே தெரியவில்லையே, பிறகு எதற்குப் படம் என்பார்கள். இரண்டுக்கும் மாமா ஒரே வசனம்தான் வைத்திருந்தார்: “மல எங்கயும் போகாது சார். நீங்கதான் வியூ. ரெண்டடி முன்னால வாங்க.” வியாபார வசனம்தான். அதைக் கேட்டு முகம் மலராத ஆளை நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தலையிலிருந்து பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய்ப் போக ஆரம்பித்தன. முதலில் கரண்டி, பிறகு சீப்பு. பெயர் போன பின்னாலேயே, அது எதற்கு என்பதும் போனது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரசத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்புறம் மனிதர்கள். பேர் தெரியாத பொம்பிளைகள் எல்லாரும் அவருக்கு மேடம், ஆம்பிளைகள் எல்லாரும் சார். ஒருநாள் காலையில் பெற்ற மகளையே “மேடம், காப்பி கெடைக்குமா?” என்று கேட்டார். தேவசேனா காப்பியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. என்னை அவர் மரியாதையாகக் கூப்பிட்டது கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் முதல் தடவை. நான் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

போகாமல் நின்றது தொழில் மட்டும்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்துபோய், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார். தாடையைத் தூக்கச் சொல்வார், அசையாமல் நிற்கச் சொல்வார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பிரசாந்த் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரோடு போஸ் கொடுத்துவிட்டுத்தான் இறங்கிப் போவான்.

எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. வீட்டுப் பின்வாசலிலிருந்து தைலமரக் காடு வழியாக ஒற்றையடிப் பாதை ஒன்று நேரே செண்பகமுனைக்குப் போகிறது. மாமாவின் கால்கள் மறக்காத பாதை. முனையில் கம்பி வேலி உண்டு. ஆனால் வேலி போடும் முன்பு மாமா ஆட்களை நிற்க வைத்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது: மேஜை அகலத்தில் ஒரு பாறைத்திட்டு. வேலி முடிகிற புதரைச் சுற்றிப் போனால் அதில் ஏறிவிடலாம் என்று தெரிந்தவர்களில் அவரும் ஒருவர். திட்டுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. பழனி வரைக்கும் காற்றுதான்.

மதுரையில் பார்த்த டாக்டர், கதவைப் பூட்டி வையுங்கள் என்றார். தேவசேனா கேட்கவில்லை. “எங்கப்பா என்ன திருடரா, பூட்டி வெக்கிறதுக்கு? நாமதான் கண்ணு வெக்கணும்” என்று சொல்லிவிட்டு, பின்கதவில் ஆட்டு மணி ஒன்றைக் கட்டினாள். மணி சத்தம் கேட்டால் கையில் இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு ஓடுவாள். இரண்டு தடவை காட்டுக்குள் பாதி வழியில் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறோம்.

இப்போது எந்திரத்துக்கு வருவோம்.

முதல் வாரம் அது சரியாகத்தான் இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. இரண்டாவது வாரம், துடைத்து வைத்த மாதிரி ஒரு காலை. பழனிமலையின் படிகளை எண்ணலாம் போல இருந்தது. பலகை ‘வியூ இல்லை’ என்றது. அன்று மத்தியானம் பனி இறங்கி, கையை நீட்டினால் கை தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த கல்லூரிப் பஸ் கூட்டம் ஒன்று பலகையை நம்பாமல் மேலே போய் நின்றது. பலகை ‘வியூ: 98’ என்றது. அடுத்து வந்த வேன்காரர்கள் 98-ஐ நம்பி ஏறினார்கள். இறங்கி வந்து அவர்கள் நாச்சிமுத்துவின் அம்மாவை விசாரித்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கோகுல்ராஜ் வந்து இரண்டு நாள் எந்திரத்தின் மூளையைக் குடைந்தார். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சாக்லெட்டைத் தின்று முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ‘இது வியூ’ என்று காட்டிய படங்கள் எல்லாம் மாமா எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஆட்கள், வேலிக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. ‘இது வியூ இல்லை’ என்று காட்டியவை கம்பெனி ஆட்கள் பனி நாளில் எடுத்தவை. ஒன்றில்கூட ஆள் இல்லை. இரண்டு குவியலையும் பார்த்த எந்திரம் மலையையும் பனியையும் ஒதுக்கிவிட்டு, சுலபமான வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டது. முதுகைக் காட்டி ஆள் நின்றால் வியூ. நிற்காவிட்டால் இல்லை.

“கான்செப்ட்டத் தப்பாப் புடிச்சுக்கிருச்சுண்ணே” என்றார், பிள்ளை பரீட்சையில் தோற்றதைச் சொல்கிற மாதிரி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தப்பு எங்கே இருக்கிறது? இத்தனை வருஷமாக இங்கே வந்தவர்கள் யார் மலையைப் பார்த்தார்கள்? ஏறி வருகிறார்கள், “செம வியூ” என்கிறார்கள், உடனே அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார்கள். எதிரே நின்ற மாமா ஒருவர்தான் அந்த முனையில் நிஜமாகவே மலையைப் பார்த்தவர். எந்திரம் மக்களைச் சரியாகப் படித்திருக்கிறது என்று நான் போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னேன். டீக்கடை கருப்பம்மாள் தன் கடை முன்னால் யாராவது வந்து நின்றால் “ஆத்தாடி, வியூ வந்துருச்சு” என்று கிளாஸை எடுக்க ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்துவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. கார்த்திகை மாதம் ஒரு நாள், எந்திரத்தைத் திருத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கச் சங்க ஷெட்டில் அவசரக் கூட்டம் கூட்டினார். அன்று காலையிலிருந்து மழை. பாறை வழுக்கும் என்று முனைக்குப் போகும் பாதையில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. மழை விட்டு நாலு மணிக்குப் பனி இறங்கியபோது கைகாட்டி முக்கில் டூரிஸ்ட் ஒருவர்கூட இல்லை. ஷெட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர், கோகுல்ராஜ், அவருடைய லேப்டாப். திருத்தம் தயாராக இருக்கிறதாம். ஒரு பட்டனைத் தட்டினால் போதுமாம்.

தட்டுவதற்கு முன்பு தலைவர் பேசினார். அறிவு என்பது யாது, அதை அடைவது எங்ஙனம் என்று தொடங்கி, தான் ஏழாம் வகுப்பில் வாங்கிய பரிசு வரைக்கும் வந்தபோது, வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் பாண்டி மெதுவாகச் சொன்னான்.

“பலகையப் பாருங்கப்பா.”

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பத்தடி தூரத்தில் நின்ற ஜீப்பே தெரியாத பனியில், சிவப்பு எழுத்து மட்டும் மிதந்துகொண்டிருந்தது. வியூ: 97.

ஷெட்டே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். எந்திரம் ராஜினாமாக் கடிதம் எழுதுவதாக ஏதோ சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். கோகுல்ராஜ் மட்டும் தலையைக் குனிந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அப்போது தேவசேனா ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை.

“அப்பா இங்கிட்டு வந்தாராங்க?”

மழை ஓய்ந்தும் மரத்துத் தண்ணீர் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. எப்போது போனார் என்று தெரியாது. காட்டுப் பாதையில் கூப்பிட்டுக்கொண்டே பாதி தூரம் போனவள், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்துவிட்டாள். ஒரு கிளை ஏரி ரோட்டுக்குப் போகும், இன்னொன்று முனைக்கு. மூன்றாவதாகக் காடு, எந்தப் பக்கமும்.

பாண்டியை ஏரி ரோட்டுக்குப் போகச் சொன்னேன். நான் காட்டுக்குள் போகிறேன் என்றேன். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். ஆளுக்கொரு திசையைக் கை காட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். கோகுல்ராஜ் எழுந்து நின்றார். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மேல கயிறு கட்டித்தான கெடக்கு?”

“ஆமா.”

“அப்ப அங்க யாருண்ணே நிக்கிறா?”

தேவசேனாதான் முதலில் ஓடினாள். அவள் பின்னால் நான், என் பின்னால் கோகுல்ராஜ், லேப்டாப்பைத் திறந்தபடியே மேஜையில் போட்டுவிட்டு. ஷெட்டை விட்டு வெளியே வரும்போது நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. அவரால் ஓட முடியாது, முழங்கால் வலி. “நீங்க போங்க, நான் பலகையப் பாக்குறேன்” என்றார். பார்த்து என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பாதி ஏறியபோது விளங்கியது. பனிக்குள் பாதை தெரியவில்லை, தேவசேனாவின் சேலை தெரியவில்லை, என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அப்போது கீழேயிருந்து மைக் கரகரத்தது.

“வியூ தொண்ணூத்தேழு.”

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும். “வியூ தொண்ணூத்தேழு.”

முன்னுரை இல்லை, பொன்னாடை இல்லை, ஏழாம் வகுப்புப் பரிசு இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் பேசிய ஆகச் சிறந்த சொற்பொழிவு அதுதான். எண் இருக்கிறவரை மாமா நிற்கிறார். ஒவ்வொரு தடவை அந்தக் குரல் வரும்போதும் கால் ஓரடி கூட வைத்தது. வழுக்கி விழுந்து எழுந்த இடத்தில் “தொண்ணூத்தாறு” என்று கேட்டது. அந்த ஒன்று எங்கே போனது? அடுத்து “தொண்ணூத்தேழு” என்றார். அவர் குரலிலும் அந்த ஒன்று திரும்பி வந்தது தெரிந்தது.

கம்பத்தருகே தேவசேனா நின்றுவிட்டாள். நானும் நின்றேன்.

மாமா வேலிக்கு அந்தப் பக்கம், பாறைத்திட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் வெள்ளை. இடது கை இடுப்பில். தாடை தூக்கியிருந்தது. கழுத்தில் காலியான கேமரா உறை தொங்கியது. நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, சிரித்தபடி அசையாமல் நின்றார். அவரை அங்கே நிற்கச் சொன்னது யார் என்று தெரியவில்லை. அவரேதான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. சொன்னவர் எதிரே இல்லாததால், முடிந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

தேவசேனா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அப்பா என்ற சொல்லுக்கு அவரிடம் இப்போது பொருள் கிடையாது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். திரும்புவதற்கு அந்தத் திட்டில் இடமில்லை.

செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“ரெடியா சார்?” என்றேன்.

“ரெடி” என்றார் மாமா, உதட்டை அசைக்காமல். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அது தெரியாதா?

“ஃப்ரேம்ல வரல சார். கொஞ்சம் முன்னால வாங்க.”

அவர் அசையவில்லை. கண் மட்டும் சந்தேகமாக என்னைப் பார்த்தது.

“மல விழுகுதா சார்?”

என் கடையில் பொய் புதிதில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் பொய் வரவில்லை. அவருடைய வசனம்தான் வந்தது.

“மல எங்கயும் போகாது சார். நீங்கதான் வியூ. ரெண்டடி முன்னால வாங்க.”

மாமாவின் முகம் மலர்ந்தது. அத்தனை வருஷம் அவர் எதிரில் நின்றவர்களின் முகம் எப்படி மலர்ந்ததோ அப்படியே. ஓரடி வைத்தார். இன்னோரடி. வேலிக் கம்பியில் அவர் வயிறு முட்டியதும், புதர்ப் பக்கம் ஊர்ந்து போயிருந்த கோகுல்ராஜ் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். நான் இந்தப் பக்கமிருந்து இரண்டு கையையும் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கம்பிக்கு மேலே தூக்கி இறக்கினோம். தேவசேனா தன் சேலைத் தலைப்பை அவர் தலையில் போட்டுத் துவட்டினாள்.

“இன்னும் எடுக்கலயே மேடம்” என்றார் அவளிடம், புகார் சொல்கிற மாதிரி.

எடுத்தேன். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“தலைய வெட்டிட்டீங்க சார்.”

தேவசேனா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். கிளம்புவதற்கு முன் கேமராக் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அதெல்லாம் செய்யவில்லை. கம்பத்தில் சற்று நேரம் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியதால்தான்.

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நாங்கள் பாதையில் இறங்கி, கேமராவின் பார்வையிலிருந்து விலகியதும், கீழே மைக் சொன்னது:

“வியூ…” பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போல, “இல்ல.”

அதன் பொருள் கீழே இருக்கிறவர்களுக்கு என்னவாகப் போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கைகாட்டி முக்கை அடைந்தபோது நாச்சிமுத்து மைக்கைக் கையில் பிடித்தபடியே பலகைக்குக் கீழே ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். சால்வையால் முகத்தை மூடியிருந்தார். கருப்பம்மாள் அவர் தோளைத் தட்டி, “யோவ், நிமிந்து பாருய்யா” என்றாள். பார்த்தார். எழுந்து வந்து, தன் மேலிருந்த சால்வையை எடுத்து மாமாவுக்குப் போர்த்தினார். நாச்சிமுத்து இன்னொருவருக்குச் சால்வை போர்த்தியதை இந்த மலை அன்றுதான் கண்டது. மாமா அவரைப் பலகைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார்.

அன்று சாயங்காலம், மாமா கம்பளிக்குள் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தேவசேனா கோகுல்ராஜுக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“தம்பி, அந்தப் பட்டனத் தட்டிராதீங்க.”

“அக்கா, அதுக்கு வியூன்னா என்னன்னே தெரியாதுக்கா. உங்கப்பா நிக்கிறாருன்னும் தெரியாது. அதோட கான்செப்ட்டே தப்பு.”

“எங்கப்பாவுக்குந்தான் நான் யாருன்னு தெரியல. நான் என்ன திருத்தவா செஞ்சேன்?”

கோகுல்ராஜ் பட்டனைத் தட்டவில்லை. பலகைதான் திருத்தப்பட்டது: ‘வியூ’ என்பதற்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ‘மலையைப் பற்றி அல்ல’ என்று பெயின்ட்டரை விட்டு எழுதச் செய்தோம். மலை தெரிகிறதா என்று கேட்கிறவர்களுக்குப் பழையபடி பத்து நிமிஷம் என்று சொல்லிக்கொள்கிறோம். முனை மூடியிருக்கும் நேரத்தில் பலகையில் எண் வந்தால், கடையில் யார் இருந்தாலும் போட்டது போட்டபடி மேலே ஓட வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. எங்கள் சங்கத்தில் அப்படி நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

தை மாதம் தலைவர் ஒரு விழா எடுத்தார். குரல் திரும்பிவிட்டது, புதுச் சால்வையும் வந்துவிட்டது. மலையைப் பார்க்கச் சொன்னால் மனிதனைப் பார்த்த எந்திரம் என்றார். உலகத்து அறிவாளிகள் எல்லாரும் வந்து கற்க வேண்டிய பாடம் செண்பகமுனையில் கம்பமாக நிற்கிறது என்றார். மற்ற நாளாக இருந்தால் பின்வரிசையிலிருந்து நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று கை தட்டினேன். வெகு நேரம் தட்டினேன்.

ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு எண்ணம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் தலையிலிருந்து கழன்றுபோனதெல்லாம் எங்கே போகிறது என்று யோசித்ததுண்டு. கரண்டியும் சீப்பும் எங்கே போயினவோ தெரியாது. ஆனால் அவர் ஆயுள் முழுக்க ஒவ்வொரு ஆளிடமும் சொன்ன அந்த ஒரு வசனம், அவர் எடுத்த படங்கள் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கம்பத்தில் போய் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கதான் வியூ. அதை யாரும் எந்திரத்துக்குச் சொல்லவில்லை, அதுவாகவே கற்றுக்கொண்டது. அவருக்கே ஆள் தேவைப்பட்ட நேரத்தில் திருப்பிச் சொன்னது. புரிந்துகொள்வது என்பது இதைத் தவிர வேறென்ன? தினமும் கடை திறக்கும்போது பலகையைப் பார்த்து ஒரு தலையசைப்பு வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

நேற்று மத்தியானம் நல்ல பனி. முனைக்குக் கயிறு கட்டியிருந்தது. மாமா கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பலகையில் எண் வந்தது. வியூ: 99. தீர்மானப்படி போட்டது போட்டபடி ஓடினோம். யாரோ எவரோ, எந்த வீட்டுப் பிள்ளையோ என்று வழியெல்லாம் பழனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். கீழே மைக்கில் நாச்சிமுத்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலிக் கம்பியின் மேல் ஒரு குரங்கு, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோளம் தின்றுகொண்டிருந்தது.